இரத்தினம்மா பிரித்த புழுக்கை

அந்தப் பையை என் த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றவே மாட்டேன் என்று முதல் நாள் சண்டை பிடித்தவன் நான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிற வண்டி அது. "இதுக்குள்ள என்னக்கா ஈக்குது?" என்று கேட்டேன். "மான் புழுக்கை, நானா. காஞ்சதுதான், நாறாது" என்றாள் இரத்தினம்மா, ஏதோ ஏலக்காய் கொண்டுபோகிறவள் மாதிரி. நானா என்றால் எங்கள் ஆட்கள் பேச்சில் அண்ணன். யா அல்லாஹ், இந்த சாஹுல் ஹமீதுக்கு இப்படியும் ஒரு ஹயரா என்று நொந்துகொண்டேன்.

அந்த ஹயருக்கு என் வண்டியை வாடகைக்குப் பிடித்தவர் தனபாலன். யாழ்ப்பாணத்துக்காரர், படித்த மனிதர், குண்டசாலைக்கு மேலேயுள்ள ஒரு சின்னக் காட்டில் எத்தனை மான் இருக்கிறது என்று பார்க்க வந்தவர். வெலிமுவா என்று சிங்களத்தில் சொல்கிற குரைக்கும் மான் அது. ஆள் வாடை பட்டாலே ஓடிவிடும். அதனால் மானை எண்ணுவதில்லை, அது போட்டதை எண்ணுகிறார்கள். காட்டுக்குள் அறுபது இடத்தில் முளையடித்து, கயிற்றால் வட்டம் போட்டு, உள்ளே சுத்தமாகக் கூட்டிவிட வேண்டும். பதினைந்து நாள் கழித்துப் போய்ப் புதிதாக விழுந்த புழுக்கையை எண்ணி, உறையில் போட்டுக் கண்டியிலுள்ள அவர் அலுவலகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கூட்டுவதும் எண்ணுவதும் இரத்தினம்மாவின் வேலை.

இது விளையாட்டு வேலை இல்லை. காட்டுக்குக் கீழே போஞ்சித் தோட்டம் போட்டவர்கள், மான் பெருகிப் பயிரை மேய்கிறது, ஓடைப் பக்கமாக மின்வேலி போடு என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். வேலி வந்தால் மானுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. மான் நிறைய இருந்தால் வேலி, குறைவாக இருந்தால் வேலி இல்லை என்று முடிவாகியிருந்தது.

இரத்தினம்மா மஹய்யாவயில் பிறந்து வளர்ந்தவள். ரவிகுமார் என்ற மேசனைக் கட்டிக்கொண்டு இந்தக் காட்டோரத்துக்கு வந்தாள். வீட்டில் ஆறு ஆடு. புழுக்கை பொறுக்கி என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்தால், "ஒங்க வீட்டுக்கா வந்து பொறுக்குறேன்?" என்று திருப்பிக் கொடுப்பாள். அவள் கூட்டிய வட்டத்தில் ஒரு சருகு கிடக்காது. "அக்கான்ரை வட்டத்துக்குள்ள இலை போட்டுச் சாப்பிடலாம்" என்பார் தனபாலன். ஒரே ஒரு தடவை, ஒரு மான் குட்டியோடு ஓடையில் தண்ணீர் குடித்ததைக் கண்டிருக்கிறாள். அந்தக் கதையை என் வண்டியில் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். சலிப்பாக இருக்கும், ஆனாலும் கேட்பேன்.

முதல் எண்ணிக்கை கொஞ்சமாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு ரவிகுமார் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அடுத்த எண்ணிக்கை மூன்று மடங்கு! "போஞ்சிக்காரர் சொன்னது உண்மைதான் போல" என்று தனபாலன் பெருமூச்சு விட்டார். திங்கட்கிழமை கூட்டத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். அன்று திரும்பும் வழியெல்லாம் இரத்தினம்மா பேசவேயில்லை. "வாய்க்குள்ள கொழுக்கட்டையா அக்கா?" என்று சீண்டிப் பார்த்தேன். ஊஹும்.

திங்கள் காலையில் ரோட்டில் நின்று என் வண்டியை மறித்தாள். "கண்டிக்குப் போங்க நானா, தனபாலன் சார பாக்கணும்" என்றாள். பாதி வழியில் அவளாகவே சொன்னாள்.

"அது மான் போட்டது இல்ல நானா. நம்ம ஆடு. கால் ஒடஞ்சதுலருந்து அவரால ஆட்டுக்குக் கொழை வெட்டப் போக முடியல. நான் வீட்டுல இல்லாத நேரத்துல ஆட்டக் காட்டுக்குள்ள அவுத்து விட்டிருக்காரு. எண்ணுறப்பவே தெரிஞ்சிருச்சு. ஆட்டுப் புழுக்கை ரெண்டு பக்கமும் மொட்டையா இருக்கும். மானுக்கு ஒரு பக்கம் கூரா இருக்கும்."

"அன்டைக்கே சொல்லீக்கலாமே!"

"சொன்னா வேலை போயிரும். ஆபீஸ்காரங்க ஆட்டையும் புடிச்சிட்டுப் போயிட்டா, வீட்டுல ஒலை எப்புடி வைக்கிறது?"

"அப்ப பேசாம ஈங்க! யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் சொன்னேன். அவள் ஒருத்தி வேலைக்குப் போய்த்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும்.

"வேலியப் போட்டா அந்தக் குட்டி தண்ணிக்கு எங்க போகும், நானா?"

கண்டியைப் பார்த்து வண்டியை ஓட்டினேன்.

அலுவலகத்தில் எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். "ஏன் அக்கா அண்டைக்கே சொல்லேல்லை?" என்று கேட்ட தனபாலன், தலையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டுக்கும் மானுக்கும் வித்தியாசம் அவருக்கும்தானே தெரியாமல் போனது! இரத்தினம்மா காத்திருக்கவில்லை. மேசையில் பேப்பரை விரித்து, உறைகளை ஒவ்வொன்றாகக் கொட்டிப் பிரிக்கத் தொடங்கினாள். மொட்டை இந்தப் பக்கம், கூர் அந்தப் பக்கம். ஒவ்வொரு ஆட்டுப் புழுக்கையோடும் அவள் வேலை அவள் கையாலேயே போய்க்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஆட்டுப் பக்கம் ஒரு குவியல். மான் பக்கம் ஒரு கைப்பிடிதான்.

வேலி நின்றுபோனது. அவள் வேலையும் போனது. காட்டுக்குள் ஆடு விட்ட வீட்டாரை வேலைக்கு வைக்கக்கூடாதாம், சட்டமாம். சட்டத்தின் தலையில் இடி விழ! தனபாலன் மேலிடத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிப் பார்த்தார், நடக்கவில்லை. இனி ஆட்டைக் கட்டிப் போட்டு வளர்ப்பதென்றால் பிடிக்கமாட்டோம் என்ற ஒரு வாக்குத்தான் கிடைத்தது.

அதைச் சொல்ல அவரை நான்தான் அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ரவிகுமார் காலை நீட்டியபடி வாசலில் இருந்தான். இரத்தினம்மா தலையில் கொழைக்கட்டோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். வேலை போனதைக் கேட்டு அவள் முகம் மாறவில்லை. "தெரிஞ்சதுதானே சார்" என்றபடி கட்டைக் கீழே போட்டாள். பிறகு கேட்டாள்:

"கடைசியா மான் எத்தனைன்னு வந்துச்சு?"

"ஒன்பது, அக்கா. கூடிப்போனால் பத்து."

அவள் கொழைக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு நாளும் அழாதவள், புருஷனைப் பார்த்து அழுதாள்.

"கேட்டீங்களா? அம்புட்டுக் காட்டுக்கும் ஒம்போதுதானாம். நம்மகிட்டயே ஆறு ஆடு நிக்குது."