இடது இறக்கைக்குள் இருந்த ஆணி

இது நடந்தது. என் கண் முன்னால், நல்ல வெயிலில், மாலை நாலரை மணிக்கு மேல் நடந்தது. பேய் என்றால் அமாவாசை, நள்ளிரவு, நாய் ஊளை எல்லாம் வேண்டும் என்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

என் பெயர் ஷரீஃப். சிந்தாதிரிப்பேட்டையில் வயரிங் கடை வைத்திருக்கிறேன். கார், லாரி, படகு எதுவானாலும் வயர் இழுத்துக் கொடுப்பேன். மீட்டர் காட்டினால் நம்புவேன், காட்டாவிட்டால் நம்ப மாட்டேன். கையில் தாயத்து கட்டிக்கொண்டு வரும் என் மச்சினனையே ஓட்டு ஓட்டென்று ஓட்டுகிறவன் நான்.

பிரபாகர் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். வீடு அபிராமபுரத்தில். கொட்டிவாக்கத்தில் ஒரு ஷெட் எடுத்து, எட்டு வருடமாகச் சொந்தக் கையால் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தான். சிரிக்காதீர்கள். இரண்டு பேர் உட்காரும் நிஜ விமானம். அவன் மனைவி நிஷா அதற்கு வைத்த பெயர் 'சக்களத்தி'. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, கல்யாண நாள் எல்லாம் சக்களத்தி வீட்டில்தான்.

இது நடந்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி சோதனைக்கு வர வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தேதி தள்ளிப்போய்விட்டது. மூன்றாவது முறையும் தவறினால் அனுமதியே ரத்து. பிரபாகர் நாலு நாளாகத் தூங்கவில்லை. "இது பறக்கலன்னா நான் எதுக்குடா இருக்கேன்?" என்று புதன்கிழமை போனில் கேட்டான். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நானே கிளம்பிப் போனேன்.

மிச்சம் இருந்தது ஒரே வேலை. திசை காட்டும் சென்சாரைப் பொருத்துவது. தீப்பெட்டி அளவு சின்னப் பெட்டி அது. பக்கத்தில் இரும்பு இருந்தால் அதற்குப் புத்தி மாறிவிடும். அதனால் எஞ்சினை விட்டுத் தள்ளி, இடது இறக்கையின் நுனிக்குள் வைப்போம். பித்தளை ஸ்க்ரூதான் போடுவோம். அங்கிருந்து வயர் போய், ஓட்டுகிறவன் முன்னால் இருக்கும் திரையில் எண்ணாகத் தெரியும். விமானத்தின் மூக்கு கடலைப் பார்த்து நேர் கிழக்கே நின்றது. தொண்ணூறு காட்ட வேண்டும்.

மதியம் 2.10-க்குப் பொருத்தி முடித்தேன். நூற்றுப் பதினேழு காட்டியது.

கழற்றி மாட்டினேன். வயரை மாற்றினேன். சாவி, போன், பெல்ட் எல்லாவற்றையும் கதவோரம் மேஜையில் வைத்துவிட்டு, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தேன். அசையவில்லை. நூற்றுப் பதினேழு.

கடைசியில் கைத் திசைகாட்டி ஒன்றை இறக்கையின் நுனி மேல் மெதுவாக நகர்த்திப் பார்த்தேன். ஒரு இடத்தில் முள் வெடுக்கென்று திரும்பியது. ஃபைபருக்கு உள்ளே இரும்பு இருக்கிறது!

அந்த இடது நுனி புதிது. பழையது போன மாதம் லாரி இடித்து உடைந்துவிட்டது. கடற்கரைக் குப்பத்தில் ஃபைபர் படகு செய்யும் மரியசெல்வம் அண்ணன்தான் புதிதாகச் செய்து கொடுத்தார். அவருக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை.

"அறுத்துடு," என்றான் பிரபாகர்.

அறுத்தேன். இரண்டு அடுக்கு ஃபைபருக்கு நடுவில் மூன்று அங்குல இரும்பு ஆணி ஒன்று. துருப்பிடித்த பழைய ஆணி. மேலே மெழுகு தடிமனாகப் படிந்திருந்தது. ஸ்க்ரூ இல்லை, எதையும் பிடித்து நிறுத்தவில்லை. வேண்டுமென்றே உள்ளே வைத்து மூடியிருக்கிறார்.

"மனுஷன் கண்ணு படாம இருக்க வெச்சிருப்பாரு," என்று சிரித்தேன். ஆணியை வாசலுக்கு வெளியே மணலில் வீசினேன். அறுத்த இடத்தைப் பூசிக் காயவைத்தோம்.

மணி 4.25. திரையில் தொண்ணூறு.

பிரபாகர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அழுதுவிட்டான்.

கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. பறக்கும்போது எப்படி இருக்குமோ அப்படியே எல்லாவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்குகள் போட்டு, கண்ணாடி மூடியைச் சாத்தி, ஆள் உள்ளே உட்கார்ந்து எண்ணைப் படிக்க வேண்டும். பிரபாகர் ஏறி இடது சீட்டில் உட்கார்ந்து மூடிக்கொண்டான். வலது சீட் காலி. நான் இடது இறக்கையின் நுனியில் நின்றேன். மூடியில் கை நுழையும் அளவுக்குச் சின்னக் காற்றுத்துளை உண்டு. அதன் வழியாகக் குரல் கேட்டது.

மணி 4.36.

"தொண்ணூறு... தொண்ணூறு... தொண்ணூத்தி ஒண்ணு."

"அது பரவால்ல."

"தொண்ணூத்தி ஏழு. மச்சி, இன்னா வெச்சிருக்க கையில?"

"ஒண்ணும் இல்லடா. பேன்ட்டத்தான் பிடிச்சிக்கினு கீறேன்."

"நூத்தி நாலு."

திரும்பிப் பார்த்தேன். ஷெட் கதவு சாத்தியிருந்தது. யாரும் இல்லை.

"தொண்ணூத்தி ஏழு... தொண்ணூத்தி ஒண்ணு... தொண்ணூறு. சரியாயிடுச்சு."

எனக்குச் சரியாகப் படவில்லை. இத்தனை வருட வேலையில் இதை நான் பார்த்திருக்கிறேன். இடுப்பில் கத்தியோ சாவிக்கொத்தோ வைத்திருக்கும் ஆள் சென்சாரைத் தாண்டி நடந்தால்தான் எண் இப்படி ஏறி இறங்கும்.

யாரோ என் பக்கத்தில் நடந்து போயிருக்கிறார்கள். விமானத்தை நோக்கி.

மணி 4.38. கிரீச்...

வலது பக்கச் சக்கரம் லேசாக அமுங்கியது. ஆள் ஏறினால் அமுங்குமே, அப்படி.

"டேய், நீ ஏன் உள்ள வந்த? அங்கயே நில்லுன்னு சொன்னேன்ல," என்றான் பிரபாகர். அவன் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் இங்கதான்டா நிக்கிறேன்."

அவன் தலையைத் தூக்கினான். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான்.

வலது பக்கம் திரும்பவில்லை. திரும்பவே இல்லை.

"ஷரீஃபு..."

அவ்வளவுதான் கேட்டது.

ஓடினேன். வெளிக் கைப்பிடியைத் திருகினேன். அசையவில்லை. ஐந்து நிமிடம் முன்பு சுண்டுவிரலால் திறந்தது.

உள்ளே பிரபாகர் கண்ணாடியைக் குத்தினான். சத்தம் வரவில்லை. அவன் கை மெதுவாக... ரொம்ப மெதுவாக வந்து கண்ணாடியைத் தொட்டது.

அவன் தலைமுடி மேலே எழும்பி அலைந்தது.

மடியில் இருந்த பேனாவும் எழும்பியது. மிதந்தது.

உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. சத்தியமாக இல்லை!

அவன் வாய் திறந்தது. மூடியது. திறந்தது.

"யா அல்லாஹ்!"

தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கினேன். ஒரு அடி. இரண்டு அடி. கீறல்கூட விழவில்லை. "விடு... அவன விட்டுடு!" யாரிடம் கத்தினேன்? தெரியாது. கெஞ்சினேன். அழுதேன். ஏழாவது அடியோ எட்டாவது அடியோ...

டப்!

மூடி பிளந்தது. மணி 4.43.

பொத்தென்று பேனா கீழே விழுந்தது. அவனை அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்தேன். சட்டை காய்ந்திருந்தது. சீட் காய்ந்திருந்தது. டீசலும் கடற்பாசியும் கலந்த ஒரு நாற்றம் மட்டும் அடித்தது. வலது சீட்டின் பெல்ட் மாட்டியிருந்தது.

மூச்சு இல்லை. மார்பை அழுத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று... எத்தனை என்று தெரியவில்லை. இருமினான். மூச்சு வந்தது. கண் திறக்கவில்லை.

ரோட்டுக்கு ஓடி ஒரு மீன் வண்டியை மறித்து, அதில் போட்டு அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நிஷா ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். ஏழு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, "கடல்ல எவ்வளவு நேரம் கிடந்தார்?" என்று கேட்டார்.

"கடலா? ஷெட்டுல இருந்தாரு சார்."

"நுரையீரல் பூரா உப்புத் தண்ணி. என்கிட்ட எதுக்கு மறைக்கறீங்க?" என்று சிடுசிடுத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி வந்தது, போனது. அதிகாரிக்கு நான்தான் தகவல் சொன்னேன். மதியம் பிரபாகர் கண் விழித்தான். எங்களைப் பார்த்தான். சோதனை என்ன ஆயிற்று, விமானம் என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். "உயிரோட கிடைச்சாரே, அது போதும்ணா," என்று நிஷா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை 11 மணிக்கு, விஷயம் கேள்விப்பட்டு மரியசெல்வம் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பிரபாகரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. நுனிக்கு ஆர்டர் கொடுத்தது, வாங்கியது எல்லாம் நான்தான். வராந்தாவிலேயே அவரை மடக்கினேன்.

"இன்னா ஆணி அண்ணே அது?"

முகம் வெளுத்துவிட்டது. "எடுத்துட்டியா பாய்?"

"இன்னான்னு சொல்லு."

"அந்த வளைவுக்குப் புதுசா அச்சு செதுக்க நாள் இல்ல. நாளிக்கே வேணும்னு நீ நின்ன. நாங்க போட் கட்டுற வாடியாண்ட பழைய போட் ஒண்ணு கெடக்கு. அதோட மூக்கு அதே வளைவுதான். அது மேலயே ஃபைபர் போட்டு அச்சு எடுத்துட்டேன்."

"யாரு போட்?"

"எங்க அக்கா பையன் வேதநாயகம். மூணு வருசம் முன்னாடி கடலுக்குப் போனான். போட் மட்டும் கரைக்கு வந்துச்சு. அவன் வரல. அந்தப் போட்ட யாரும் தொட மாட்டோம். நான் தொட்டுட்டேன். மனசு கேக்கல, அவன் கூடவே வந்துடக் கூடாதேன்னுதான் கோயில் மெழுகுல முக்கி ஒரு ஆணிய உள்ள வெச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அடித்திருப்பேன். அழுகிற மனிதனை எப்படி அடிப்பது? உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

பிரபாகர் தூங்கிக்கொண்டிருந்தான். மரியசெல்வம் அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்று கும்பிட்டார்.

பிரபாகர் கண்ணைத் திறந்தான். அவரையே பார்த்தான். சிரித்தான்.

"மாமா... நீ வர்ல?"

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தண்ணீர் கொடுத்தேன். பல் டம்ளரில் அடித்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"அன்னிக்கு நானும் அவன்கூடப் போவணும் பாய். குடிச்சிட்டு மணல்ல படுத்துக் கெடந்தேன். விடியக்காலம் நாலு மணி. போட்ட தள்ளிட்டு என்னாண்ட வந்து குனிஞ்சு அவன் கேட்ட கடைசி வார்த்த அது. கரையில நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம். இத்தினி வருசத்துல இத நான் யாராண்டயும் சொன்னது இல்ல."