பக்கத்துத் தோட்டத்து ஃபோகஸ் லைட்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே என் நண்பருக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. என்னைவிட இருபது வயது மூத்தவர். அமாவாசைதோறும் தேங்காய்க் களத்தில் அவருடைய டெலஸ்கோப்பை வைத்து இருவரும் நட்சத்திரம் பார்ப்போம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் வீட்டு மாடியில் எங்கள் பக்கமாக ஒரு ஃபோகஸ் லைட்டை மாட்டியதும் வானம் வெளுத்துப்போனது. மாதத்தில் ஒரு ராத்திரி மட்டும் அணைக்கச் சொல்லி நண்பர் நேரில் போய்க் கேட்டார். "அதுக்கென்னங்க, அணச்சுப்போட்டாப் போச்சு" என்றவர், அடுத்த அமாவாசைக்குள் இன்னொரு லைட்டையும் மாட்டியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நண்பர் தோப்பு வீட்டுக்குள் போனார். பழைய பீரோவின் ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றினார். இருவருமாக அதைத் தூக்கிவந்து களத்தில் நிறுத்தி, வெளிச்சம் தோட்டத்துக்காரரின் படுக்கையறை ஜன்னலிலேயே போய் விழும்படி சாய்த்து வைத்தோம்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு லைட்டும் அணைந்தன. தோப்புக்கு மேலே வானம் திரும்பி வந்தது. தோட்டத்துக்காரரும் லுங்கியோடு வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க, இப்படிப் பண்ணலாமுங்களா?"

"உங்க வெளிச்சந்தானுங்க. திருப்பிக் குடுத்துப்போட்டமுங்க" என்றார் நண்பர், டெலஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் பக்கத்தில் பகையாளியே வந்து நின்றாலும் "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். அன்றைக்குச் சனிக்கோளின் வளையம் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். நாங்கள் கேட்கவில்லை.