அக்காவின் ஆல்பத்தில் நான்காவது பாட்டு

அக்கா பாடிய ஆல்பத்துக்குக் கறுப்பு அட்டை. அதில் அவளும் கல்லூரி நண்பர்கள் மூவரும் உதட்டில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு, இழவு வீட்டு வாசலில் நிற்பவர்கள் மாதிரி நின்றார்கள். லாஸ்பேட்டையில் ஒரு வாடகை அறையின் சுவரெல்லாம் சத்தம் வெளியே போகாமலிருக்க முட்டை அட்டை ஒட்டி, ஆறு மாதம் பதிவு செய்த ஒன்பது பாட்டு. கோத்திக் மெட்டல் என்றாள். இடிக்கிற டிரம்ஸ், ரம்பமாய் அறுக்கிற கிட்டார், அதற்கும் மேலே அக்காவின் அலறல். எனக்குப் பத்து வயது. காதைப் பொத்திக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெட்டியார்பாளையத்திலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அப்பாவைப் படிக்க வைத்து வேலையும் வாங்கிக் கொடுத்தவர். அவர் முன்னால் அப்பா நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். எனக்குப் பெரியப்பா என்றால் உயிர். வரும்போதெல்லாம் எனக்கென்று கேக் வாங்கி வருவார்.

டீவி மேலிருந்த சிடியை அவர் எடுத்துப் பிரித்தார். உள்ளே பாட்டுகளை அச்சடித்த சின்னப் புத்தகம். எல்லாம் இங்கிலீஷ்.

“இன்னாதான் கத்துறா இவ? நீ இங்கிலீஷ் மீடியமாச்சே, படிச்சு சொல்லு கண்ணு.”

அக்காவைப் பார்த்தேன். “நாலாவது பாட்டு. சத்தமா சொல்லு,” என்றாள்.

வகுப்பில் வாசிப்பதுபோல் எழுந்து நின்று, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு இருட்டு அறை. வெளியே தாழ்ப்பாள். படுக்கையை நனைத்த பிள்ளைக்கு அதுதான் தண்டனை. தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. வெளியே பெரியவர் பேப்பர் படிக்கிறார். அம்மா கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஒரு பாப்பா பிறக்கப்போகிறது.

“அந்தப் பாப்பா நான்தான்!” என்று கத்தினேன். பாட்டில் வந்துவிட்ட பெருமை எனக்கு.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா பாய்ந்து அக்காவின் கன்னத்தில் அறைந்தார்.

“அடி. இன்னா நடந்துச்சுன்னு மட்டும் கேக்காத,” என்றாள் அக்கா. அழவில்லை.

மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா செதில் ஒட்டிய கையோடு கூடத்துக்கு வந்தாள்.

“எத்தினி நாளுடி?”

“நீ என்ன பெரியப்பா வீட்டுல விட்டுட்டு ஆஸ்பத்திரி போனதுலேர்ந்து, வீட்டுக்கு வர்ற வரைக்கும். ரெண்டு மாசம்.”

பெரியப்பா முன்னால் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. “வெளிய போங்க! இந்தப் படி இனிமே ஏறக் கூடாது!”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“பெரிய மனுஷனை ஊர் கேக்க பாட்டுல இழுப்பாளா?” என்று கத்தினார் அப்பா.

அதற்குப் பிறகு பெரியப்பா வரவில்லை, கேக்கும் வரவில்லை. என் கோபமெல்லாம் அக்காவின் மேல்தான். ஒரு வருடத்துக்குமேல் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பாட்டு எழுதியதால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்தேன்.

அம்மா கேட்ட கேள்விக்கு அப்பா ‘தெரியாது’ என்று சொல்லவே இல்லை. அது மட்டும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.