பத்து மேடைகளும் ஒரு தூக்கு மிளகு ரசமும்

எங்கள் அக்கா மயிலாப்பூரில் பிறந்தார். அடையாறில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றினார். சென்ற ஆண்டு மயிலாப்பூரிலேயே இறைவனடி சேர்ந்தார். அப்பா போன பிறகு எங்களைப் படிக்க வைத்தது அவருடைய உழைப்புதான். அவருடைய முதலாண்டு நினைவு நாளுக்கு இன்று கூடியிருக்கும் உறவினர் அனைவரும் இவற்றை அறிவீர்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

ஓய்வு பெற்றதும் அக்கா, அம்மாவின் பெயரில் ஒரு நாடகக் குழு தொடங்கினார். எழுத்தும் இயக்கமும் அவர். ஐம்பது வயதில் நான் கதாநாயகன். வேறு ஆள் கிடைக்காததே என் தகுதி. நாடக நாளில் வீட்டு சோபா டெம்போவில் ஏறிவிடும், விருந்தாளிகளுக்குப் பாய்தான். பத்து மேடை கண்டோம். பிறகு குழு நின்றுவிட்டது. "உடம்பு ஒத்துக்கலை, நிறுத்திட்டேன்" என்று எல்லோரிடமும் அக்கா சொன்னார். நீங்களும் நம்பினீர்கள். அது உண்மையில்லை.

பதினோராவது மேடை தியாகராய நகரில் ஒரு சபாவில். அன்றைக்கே ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சீரியலுக்குப் பெரியப்பா வேடத்துக்கு ஆள் எடுத்தார்கள். காய்ச்சல் என்று அக்காவிடம் போனில் சொல்லிவிட்டு அங்கே போனேன். பத்தே நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காய்ச்சல்காரன் மேடைக்கும் போக முடியாதே. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா மேடையேறி, கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, வந்த கூட்டத்தை அனுப்பிவைத்தார். வீட்டுக்குப் போய் மிளகு ரசம் வைத்து, தூக்கில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார்.

"அவர் சீரியலுக்கு ஆள் எடுக்கறாங்கன்னு ஈக்காட்டுத்தாங்கல் போயிருக்காரே அக்கா!" என்றாள் என் மனைவி, விவரம் தெரியாமல்.

"வந்ததும் சுட வச்சுக் குடு" என்று தூக்கைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதன்பின் எந்த சபாவும் எங்களுக்குத் தேதி தரவில்லை. அக்காவும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசி வாரம், மருத்துவமனையில் சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னிக்கு எனக்கு ஜுரமே இல்லை."

"தெரியும்டா. ரசம் சாப்பிட்டியோ?"

"வெக்கமா இருந்தது. கொட்டிட்டேன்."

"அடப்பாவி, நல்ல ரசம்டா அது" என்றார். குழு போனதைப் பற்றிப் பேசவே இல்லை.

மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த தங்கை மகள்களுக்கும், ரத்தம் கொடுத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. அன்று வேஷம் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்த நான்கு நடிகர்களுக்கு நன்றி போதாது. என்னை மன்னிக்க வேண்டும்.

இன்றைய பந்தியில் மிளகு ரசம் உண்டு. என் இலைக்கு இரண்டு முறை ஊற்றச் சொல்லியிருக்கிறேன்.