எல்லாரும் எழுபத்தைந்து கிலோ

விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. கிலோ சார், அவ்வளவுதான். எதைப் பார்த்தாலும் அதன் எடையைச் சொல்லிவிடுவார். பெட்டியைத் தொடக்கூட வேண்டாம். வண்டி வாசலில் திரும்பும்போதே "முந்நூத்தி நாப்பது" என்பார். தராசில் ஏற்றினால் முந்நூற்று நாற்பத்திரண்டு காட்டும். "அந்த ரெண்டு கிலோ உங்க தராசோட தப்பு" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

இந்தத் திறமையைக் கொட்டகையோடு நிறுத்தியிருந்தால் மனிதர் நிம்மதியாக இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! கொழுந்தியாளின் கல்யாண வரவேற்பில், மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சூழ்ந்து நிற்க, மேடையேறி வாழ்த்துச் சொன்ன கையோடு, "அறுபத்தெட்டு! போன வருஷம் அறுபத்திரண்டுதானேம்மா இருந்தே?" என்று கேட்டுவிட்டார். எடை சரிதான். அதுதான் வினையாகப் போயிற்று. மணப்பெண் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷமாக அவள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆட்களின் எடையைப் பார்ப்பது அவருடைய வேலையிலேயே கிடையாது. ஒவ்வொரு விமானத்திலும் எவ்வளவு ஏறுகிறது, எது எங்கே உட்காருகிறது என்று கூட்டிப் பார்த்து, லோட் ஷீட் என்ற தாளில் கையெழுத்துப் போடவேண்டும். அந்தத் தாள் கைக்கு வராமல் விமானி சக்கரத்தை நகர்த்தமாட்டார். ஆனால் பயணிகளை யாரும் தராசில் நிறுத்துவதில்லை. எத்தனை இருக்கை நிறைந்தது என்று தட்டினால், ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ என்று கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும். குண்டோ ஒல்லியோ, எல்லாரும் எழுபத்தைந்துதான். இருபத்திரண்டு வருஷமாக அவர் விரல் அந்த எண்ணைத் தட்டித் தட்டி, இப்போதெல்லாம் அவரைக் கேட்காமலேயே தட்டிவிடுகிறது.

அந்த வாரம் புயல் அடித்தது. கொழுந்தியாள் நர்ஸாக வேலை பார்க்கும் கடலோர ஊர் தண்ணீரில் மிதந்தது. பாலம் போய்விட்டது, சாலை போய்விட்டது. விளக்குகூட இல்லாத சின்ன ஓடுதளம் ஒன்றுதான் மிச்சம். விமானக் கம்பெனிகள் நான்கும் கட்டணம் வாங்காமல் ஆளுக்கொரு விமானம் விடுவதாக முன்வந்தன. கிலோ சாரின் கம்பெனி தன் பயணி விமானம் ஒன்றைக் கொடுத்தது. சரக்கு விமானம் கிடையாது, ஆகவே இருக்கைகளிலேயே மூட்டைகளை உட்கார வைத்து பெல்ட் போட்டு அனுப்ப ஏற்பாடாயிற்று.

காலையில் வீட்டில் ஃபோன் வந்தது. கொழுந்தியாள்தான். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. டயாலிசிஸ் திரவம் இங்க நாளை மதியத்தோட தீர்ந்துரும். இருபத்தாறு பேர் இருக்காங்க. மருந்து டிப்போவுல நூத்தி அறுபது பெட்டி எடுத்து வச்சிருக்காங்களாம். இன்னைக்கு வர்ற விமானத்துல போட்டாத்தான் உண்டு. அடுத்தது நாளன்னைக்குத்தான்."

அவர் ஒன்றரை அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். "போட்டுடறேன்னு சொல்லு" என்றார் மனைவியிடம்.

"கேட்டுச்சு" என்றாள் தங்கை, அதுவும் அக்காவிடம்.

கொட்டகையில் அன்று திருவிழாக் கூட்டம். தார்ப்பாய், தண்ணீர் பாட்டில், பிஸ்கட் எல்லாம் விமானத்தின் வயிற்றுக்குள் போயின. கம்பளிப் பொதிகள் நூற்று இருபதும் இருக்கைக்கு ஒன்றாக ஏறின. சுமைக்காரர்களின் மேஸ்திரி ஒவ்வொன்றுக்கும் பெல்ட் மாட்டிவிட்டு, ஜன்னலோரப் பொதியிடம் "பயப்படாதீங்க, ஒண்ணேகால் மணி நேரம்தான்" என்று தைரியம் சொன்னார். டிப்போ வண்டி வந்து சேர மூன்றரை ஆகிவிட்டது. கிலோ சார் எண்களைத் தட்டினார். கம்ப்யூட்டர் சிவப்பைக் காட்டியது. அங்கே எரிபொருள் கிடைக்காது என்பதால் திரும்பி வருவதற்கும் சேர்த்து டாங்கியை நிரப்பியிருந்தார்கள். இதற்கு மேல் ஒரு பெட்டிகூடத் தாங்காது என்றது திரை. விமான வயிற்றின் முன்பக்கச் சரக்கு அறையில் பாதிக்கு மேல் இடம் காலியாகக் கிடந்தது. இடம் இருந்து என்ன செய்ய, எடைக்கு வழி இல்லையே.

மனைவிக்கு ஃபோன் செய்தார். "ஏறலம்மா. அவகிட்ட எப்படியாவது சொல்லிடு."

"நான் எப்படிங்க சொல்லுவேன்? போட்டுடறேன்னு சொன்னது நீங்க. நீங்களே சொல்லுங்க."

கொழுந்தியாளின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். கட்டைவிரல் அதில் படவில்லை. சரி, முதலில் தாளைக் கொடுத்துவிட்டு வருவோம் என்று விமானத்தை நோக்கி நடந்தார். கோழைத்தனம்தான், அவருக்கே தெரியும்.

விமானத்தின் மூக்குக்குக் கீழே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

விமானத்தின் கால் இருக்கிறதே, சக்கரத்துக்கு மேலே, அதில் ஒரு பளபளப்பான தண்டு உண்டு. பாரம் ஏற ஏற அது உள்ளே அமுங்கும். நிறைந்த விமானத்தில் நாலு விரல் அளவுதான் வெளியே தெரியும். இன்றைக்கு ஒரு சாண் தெரிந்தது. பின்சக்கரங்களுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். அங்கேயும் அதே கதை. நிறைந்த விமானத்தின் நிற்பா இது? சாப்பிடாதவன் நிற்பது மாதிரி அல்லவா நிற்கிறது!

கையிலிருந்த தாளைப் பார்த்தார். பயணிகள்: நூற்று இருபது.

நாக்கைக் கடித்துக்கொண்டார். பாழாய்ப்போன விரல் பழக்கதோஷத்தில் தட்டித் தொலைத்திருக்கிறது. ஒவ்வொரு கம்பளிப் பொதியும் எழுபத்தைந்து கிலோ! காலையில் இதே பொதிகளைத் தூரத்திலிருந்து பார்த்து "நாப்பத்தி மூணு" என்று மேஸ்திரியிடம் பீற்றிக்கொண்டவரும் இவரேதான். கண் சரியாகச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் திரையை நம்பியிருக்கிறார். மூன்றாயிரத்து எண்ணூறு கிலோவுக்கு விமானத்தில் ஆளே இல்லை. பெட்டிகள் எல்லாம் சேர்ந்தாலும் இரண்டாயிரம் தேறாது.

இதைச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பாரம் குறைந்த விமானம் பத்திரமாகத்தான் பறக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கிலோ தப்பாதவர் என்ற பெயர் அப்படியே இருக்கும். அந்த நினைப்பு வந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. வந்த வேகத்தில் போயும் விட்டது. வாக்கிடாக்கியை எடுத்தார். அதில் பேசினால் கொட்டகை, கவுன்ட்டர், விமானம் என்று எல்லாருக்கும் கேட்கும்.

"கேப்டன், கதவை மூடாதீங்க. லோட் ஷீட் தப்பு. கம்பளிய எல்லாம் ஆளுன்னு போட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

கரகரவென்ற சத்தத்தோடு கேப்டனின் குரல் வந்தது. கறாரான பெண்மணி.

"கிலோ சார், நீங்களா?"

"நானேதான்."

"இருட்டறதுக்கு முன்னாடி நான் அங்க இறங்கணும். நாலே முக்காலுக்குக் கதவு மூடிடும். பதினெட்டு நிமிஷம் இருக்கு. பத்தொன்பதாவது நிமிஷம் என்னைக் கூப்பிடாதீங்க."

மேஸ்திரிக்கு அதற்கு மேல் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "எல்லாம் வாங்கடா, சார் முதல் தடவையா தப்புப் பண்ணியிருக்காரு, கொண்டாடணும்!" என்று கொட்டகையே அதிரக் கத்தினார். பெட்டிகளைச் சுமந்த வண்டி வந்து நின்றது. சுமைக்காரர்கள் வரிசை கட்டினார்கள். ஆள் போதவில்லை என்று டிக்கெட் கவுன்ட்டர் பெண்கள் கழுத்துத் துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். விமானப் பணிப்பெண்கள் படியிறங்கி வந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி, ஒவ்வொரு பெட்டியையும் சோதிக்காமல் விடுவதே இல்லை என்று பெயர் வாங்கியவர், பரபரவென்று சோதித்த கையோடு தாமே பெட்டியைத் தூக்கினார். பெட்டிகள் கை மாறி கை மாறி முன்பக்க அறைக்குள் போய்க்கொண்டிருந்தன.

கிலோ சார் ஒரு பெட்டியின் மேல் தாளை வைத்துப் புதிதாகக் கூட்டினார். முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு, விமானத்தின் சமநிலை எல்லைக்குள் நிற்கிறதா என்று மூன்று தரம் பார்த்தார். நின்றது. தாளை வைத்திருந்த பெட்டியையும் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள், அதுதான் கடைசி. நாலு நாற்பத்து நாலுக்குப் புதுத் தாளில் கேப்டன் கையெழுத்துப் போட்டார். அவர் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இந்தத் தடவ ஆளு எத்தனை?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லைங்க. எல்லாம் கம்பளி."

கேப்டன் சிரித்துவிட்டார். விமானம் நகர்ந்தபோது அந்தப் பளபளப்புத் தண்டு நன்றாக அமுங்கியிருந்தது. கிலோ சார் அதை விமானம் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி தோளில் தட்டி, "கம்பளி சாருக்கு ஒரு டீ!" என்று குரல் கொடுத்தார். புதுப் பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது.

ஏழேகாலுக்கு அவர் ஃபோனே அடித்தது. மனைவியின் ஃபோன் இல்லை, அவருடையது.

"மாமா."

மூன்று வருஷம் கழித்துக் கேட்கிற குரல். "சொல்லும்மா."

"நூத்தி அறுபதும் வந்துருச்சு. ஒண்ணுகூட ஒழுகல. எல்லாத்தையும் வார்டுக்கு ஏத்தியாச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "தப்பு என்னுதுதான்னு சொன்னீங்களாமே? பெட்டி இறக்கும்போது கேப்டன் சொன்னாங்க."

"ஆமாம்மா."

"எல்லார் முன்னாடியுமா?"

"எல்லார் முன்னாடியும்தான். வாக்கிடாக்கியில."

"நல்லா வேணும் உங்களுக்கு!" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அப்படிச் சிரித்தாள், பக்கத்தில் நின்ற மேஸ்திரிக்கும் கேட்டது. கிலோ சாருக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

"சரி மாமா, இப்ப சொல்லுங்க. நாலு நாளா இங்க மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கிட்டிருக்கேன். இப்ப நான் எவ்வளவு இருப்பேன்?"

எண் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குரலை வைத்தே அவரால் சொல்லியிருக்க முடியும், அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கலாம்.

"தெரியலம்மா" என்றார் கிலோ சார். "நீ சாப்பிட்டியா?"



"இன்னும் இல்ல மாமா."

"முதல்ல போய்ச் சாப்பிடு."