வில்லாளியைக் கொல்லனாக்கியது

வாள்வீரன் கையில் தங்கம் தங்காது. கைபேசியில் நாங்கள் ஆடும் அந்த மாயாஜாலச் சண்டை விளையாட்டில் புதிதாகச் சேர்கிற எவனும் முதலில் வாளைத்தான் எடுப்பான். நானும் அப்படித்தான் எடுத்தேன். முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்க வேண்டும். கவசம் உடையும், அதைச் செப்பனிடவே சம்பாதித்ததெல்லாம் போய்விடும். வைத்தியர் பாத்திரத்தை எடுத்தால் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள், ஆனால் தனியாக ஒரு ஓநாயைக்கூடக் கொல்ல முடியாது. தங்கமும் வேண்டும், சண்டையும் வேண்டும் என்றால் வில்லாளிதான். தூர நின்று அடிக்கலாம், மேலே கீறல் விழாது, அடித்த மிருகத்தின் தோலைச் சந்தையில் விற்கலாம். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான், வில்லாளியாகச் சேரட்டுமா என்று என் மனைவி கேட்டபோது, "முதல்ல கொல்லனா இரு, அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

எனக்கு வாள் அடித்துத் தர ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆரணியில் எங்கள் வீட்டில் அப்பா பட்டு நெய்கிறவர். தறி எங்களுடையது, நூல் எங்களுடையது இல்லை. முதலாளி கடையில் பட்டையும் சரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார்கள். சேலையைக் கொண்டுபோய் வைத்தால் மறுபடி எடை போடுவார்கள். குறைந்திருந்தால் சேதாரம் என்று சொல்லிக் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். சின்ன வயதில் அப்பாவோடு போய் நின்று அதைப் பார்த்திருக்கிறேன், அப்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சல் எங்கே போயிற்றோ தெரியவில்லை, வித்தை மட்டும் மனதில் தங்கிவிட்டது. விளையாட்டில் நான் தலைவனாக இருக்கும் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இரும்பைக் கொடுப்பேன். அவர்கள் கொல்லனாக உட்கார்ந்து வாள் அடிப்பார்கள். வாளை நான் விற்பேன், அவர்களுக்குக் கூலி. உலையில் போடும்போது கொஞ்சம் இரும்பு கரைவது விளையாட்டின் விதி. அந்தக் குறைவையும் அவர்கள் கூலியிலேயே பிடித்தேன். குழுவில் எல்லோரும் மூளைக்காரன் என்றார்கள், எனக்கும் தலைகால் புரியவில்லை.

அந்தக் கொல்லர்களில் நன்றாக அடிக்கிறவள் என் மனைவிதான். வந்தவாசிப் பக்கத்துப் பெண், தறியை இங்கே வந்துதான் பழகுகிறாள். அப்பா நெய்யும்போது ஓரத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ளிக் கொடுப்பாள். சாப்பாட்டு வேளையில் கைபேசியை எடுத்து எனக்கு வாள் அடிப்பாள். அவள் என் மனைவி என்று குழுவில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு மட்டும் கூலியைக் கூட்டிக் கொடுப்பதாகப் பேசுவார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் நாங்கள் நாகக் குகைக்குப் போவதாக இருந்தது. ஒரு வில்லாளிக்கு இடம் காலி. வில் வாங்கிவிட்டால் அந்த இடம் அவளுக்கு. அவளும் கூலியை ஆசையாகச் சேர்த்துக்கொண்டே வந்தாள். நல்ல கொல்லன் கைவிட்டுப் போய்விடுவானே என்று நான் அவளுக்கு மட்டும் சேதாரத்தைக் கொஞ்சம் கூட்டியே பிடித்து வந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

சனிக்கிழமை மதியம் நான் மாடி அறையில் இருந்தேன், அவள் கீழே தறி அறையில். குழுவினர் எல்லோரும் குரல் அழைப்பில் இருந்தோம். அவளுடைய இயர்போன் கெட்டுப்போயிருந்ததால் ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

"இந்த வாட்டி கூலிய முழுசா குடுங்க தல. நாளைக்குள்ள வில்லு வாங்கணும்" என்றாள்.

குழுவில் நான் கனத்த குரலில் பேசுவது வழக்கம். அந்தக் குரலிலேயே சொன்னேன்: "எடை கொறையுது. அதுக்கு நானா பொறுப்பு? சேதாரம் போக மீதிதான். இஷ்டம்னா செய்யி, இல்லைனா பொருள வெச்சிட்டுப் போ."

கொஞ்ச நேரத்தில் அவளுடைய கைபேசி வழியாக வேறொரு குரல் என் காதில் விழுந்தது. பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்திருக்கிறார்.

"பொண்ணு மேல தப்பு இல்லீங்க. இப்பதான் பழகிக்கினு இருக்குது. கொறஞ்சத என் கூலில புடிச்சிக்கோங்க. அத ஒண்ணும் சொல்லாதீங்க."

ஒரு நொடி எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பட்டுக் கடை ஆள் என்று நினைத்துவிட்டார். அப்பா என்னிடம் அப்படிக் கெஞ்சிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"யாரோ பெருசு கூலில புடிச்சிக்கச் சொல்லுது தல, புடிச்சிக்கோங்க" என்றான் குழுவில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம், குறைந்தது வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

சிரிப்புக்கு நடுவே அப்பா மெல்லக் கேட்பது கேட்டது. "யாரும்மா அது, கடை ஆளா?"

"யாரோ, மாமா" என்றாள் அவள். பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

நான் கீழே இறங்கிப் போனபோது அப்பா தறியில் உட்கார்ந்திருந்தார், நெய்யவில்லை. அவள் ஓரத்தில் உட்கார்ந்து நாடாவில் நூல் மாற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"கடையிலேர்ந்து எவனோ போன் பண்ணி பொண்ண ரொம்ப பேஜார் பண்றான்டா" என்றார் அப்பா. "நான் சொன்னா காதுல போட்டுக்க மாட்டேங்கிறான், சிரிக்கிறானுங்க. நீ படிச்சவன். நீ ஒரு வார்த்த பேசேன் அவன்கிட்ட."

நான்தான் அது என்று சொல்ல வாய் திறந்தேன். வந்தது வேறு.

"சரிப்பா, பேசறேன்."

அவள் தலை நிமிரவில்லை. நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள்.

"நாளையிலேர்ந்து அந்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க மாமா" என்றாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினியா? அதையும் மறக்காம சொல்லிடு."