உலையக்காவின் அடங்காத படிகம்

அந்த ஆய்வுக்கூடத்தில் படிகம் வளர்ப்பது உலையக்காவின் வேலை. பொடிகளைக் கலந்து, மூடிபோட்ட கிண்ணத்தில் உருக்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிடுவாள். அவசரக்குடுக்கைகளுக்கு ஒத்துவராத வேலை. உலை ஆறும் நாட்களில் அந்தப் பக்கம் யாரும் கதவை அடித்துச் சாத்த முடியாது. அப்படியொரு கெடுபிடி.

அங்கே அப்படி என்னதான் வளர்க்கிறாய் என்று கணவர் கேட்டதற்கு அவள் சொன்ன விளக்கம் குடும்பத்தில் பிரசித்தம். படிகத்துக்குள் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்தில் இருப்பதற்கு எதிராகத்தான் திரும்பி நிற்கும். மூன்று பேர் முக்கோணமாக அமைந்துவிட்டால் தீர்ந்தது கதை.

"மூணு ஓரகத்திங்க மாதிரிங்க. ரெண்டு பேர் எதிரும் புதிருமா நின்னுட்டா, மூணாவது ஆளு யாருக்கு எதிரா நிக்கும்?"

எவ்வளவு குளிரவைத்தாலும் அவை ஒரு முடிவுக்கு வராமல் அலைபாய வேண்டும். ஒன்றைப் புரட்டினால் அந்தப் புரட்டலே இரண்டு பாதியாகி ஆளுக்கொரு திசையில் திரிய வேண்டும். ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியை தேடியது அப்படிப்பட்ட பொருளைத்தான்.

இந்த முறை வளர்ந்த படிகம் நகமளவுதான். ஆனால் முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு. குளிரவைத்து அளந்தபோது திரையில் ஓடிய வரைபடக் கோட்டில் ஒரு மேடு எழும்பியது. காந்தங்கள் அடங்கி வரிசையில் நின்றுவிட்டன என்று அர்த்தம். பேராசிரியைக்கு முகம் தொங்கிப்போயிற்று. இந்தப் பொருளை இத்தோடு விட்டுவிடலாம் என்றார்.

உலையக்கா படிகத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அந்தப் பளபளப்பு படிகத்துடையதே அல்ல. உருக்கிய கலவையின் மிச்சம் மேலே தோலாகப் படிந்தது. அளக்குமுன் அதைத் தேய்த்து எடுப்பதுதான் வழக்கம். அழகில் சொக்கிப்போய், மனசு வராமல் அப்படியே கொடுத்திருந்தாள்.

"தப்பு என்னோடது மேடம். தோலை எடுக்காம குடுத்துட்டேன். அடங்கினது அதுவாத்தான் இருக்கணும்."

சொல்லும்போதே அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. படிகம் மோசம் என்பதைவிடத் தான் மடச்சி என்பது எவ்வளவோ தேவலை.

விரிசல் விட்டால் வேறு படிகம் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நைசான உப்புத்தாளில் தேய்த்தாள். பாதியாகக் குறைந்து, மங்கிப்போய், தெருவில் கிடந்தால் யாரும் குனிந்து எடுக்காத ஒரு துண்டு மிஞ்சியது.

மறுபடி குளிரவைத்தார்கள். மேடு வர வேண்டிய இடத்தைத் தாண்டிக் கோடு போய்க்கொண்டே இருந்தது. ஒரு சலனமும் இல்லை.

"இதுக்கு மேல குளிரவைக்க நம்மகிட்ட மெஷின் இல்லக்கா," என்று சிரித்தார் பேராசிரியை.

அடங்காத பிள்ளையைப் பெற்றவள் இப்படிப் பூரித்து நின்றதை அந்தக் கூடம் அதுவரை கண்டதில்லை.